வேட்டியும் கம்பளியும்: நீலகிரியில் அன்றாட உடையும் செம்மையான தோற்றமும் (1819–2014)

ஆய்வுச்சுருக்கம்

நீலகிரியின் உடை வரலாறு பெரும்பாலும் பழங்குடியினரின் மரபுடை, ஐரோப்பியரின் உடை என்னும் இரு தலைப்புகளில் பேசப்படுகிறது. தேயிலைத் தோட்டங்களில் உழைப்போரின் அன்றாட உடை இவ்விரண்டிலும் அடங்குவதில்லை. செம்மையான தோற்றம் என்பதை இம்மலையில் வாழ்ந்த வெவ்வேறு மக்கள் எவ்வாறு அடைந்தனர், அதை மதிப்பிடும் உரிமை யாரிடம் இருந்தது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. தோடர், படகர் ஆகியோரிடம் ஒரே துணியை உடுத்தும் முறையாலும், குடியேற்ற ஆட்சியாளரிடம் வேளைக்கேற்ப உடையை மாற்றுவதாலும், தோட்டத் தொழிலாளரிடம் ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதாலும் செம்மை உருவானது என்பது இதன் கருத்து. 2014ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் மரபுடைக்குப் பாதுகாப்பளித்தது. உழைப்பின் உடை அதற்கு வெளியே நிற்கிறது என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நீலகிரி, அன்றாட உடை, பூத்துக்குளி, படகர், தேயிலைத் தோட்டம், கம்பளி, உடைக் கட்டுப்பாடு

முன்னுரை

உடையைப் பற்றித் தமிழில் வழங்கும் பழமொழிகளுள் இரண்டு ஒன்றோடொன்று முரண்படுவன. ‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது ஒன்று. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது மற்றொன்று. முதலாவது மனிதரின் மதிப்பில் பாதியை உடைக்குக் கொடுக்கிறது. இரண்டாவது உடையின் விலையை ஒதுக்கிவிட்டு, அதைப் பேணும் முறையை அளவுகோலாக்குகிறது. எளியோருக்கு ஆதரவாகத் தோன்றும் இந்த இரண்டாவது கூற்றிலும் சில நிபந்தனைகள் மறைந்துள்ளன. கசக்குவதற்கு நீர் வேண்டும். உலர்த்துவதற்கு வெயில் வேண்டும். உலரும் வரை உடுத்திக்கொள்ள மாற்றுத் துணி ஒன்றும் வேண்டும்.

மழையும் மூடுபனியும் குளிரும் ஆண்டின் பெரும்பகுதியை ஆளும் நீலகிரியில் இந்நிபந்தனைகள் எளிதில் நிறைவேறுவதில்லை. எனவே அன்றாட உடையில் செம்மையாகத் தோன்றுவது என்னும் செய்தி இங்கு அழகுணர்ச்சியோடு மட்டும் நின்றுவிடவில்லை. அது காலநிலை, குடியிருப்பு, உழைப்பு நேரம், சாதி, அதிகாரம் ஆகியவற்றோடு பிணைந்தது. கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறிய 1819 முதல், உடைக் கட்டுப்பாடுகளை நீக்கும் சட்டம் இயற்றப்பட்ட 2014 வரையிலான காலப்பகுதியை எல்லையாகக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது.

1. ஒரே துணி, பல நிலைகள்

தோடர் அணியும் பூத்துக்குளி என்னும் போர்வை நீலகிரி உடைகளுள் மிகுதியாக எழுதப்பட்டதாகும். ஹென்றி ஹார்க்னஸ் 1832இல் வெளியிட்ட நூல் தொடங்கி, நீலகிரியின் முதல் ஆணையரான ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸின் 1873ஆம் ஆண்டு நூல், டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸின் 1906ஆம் ஆண்டு நூல், எட்கர் தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுதிகள் வரை தோடர் பலமுறை விவரிக்கப்பட்டுள்ளனர். தோளில் வீசிப் போர்த்திய அவ்வுடையைப் பண்டைய ரோமானியரின் மேலாடையோடு ஒப்பிடுவது அக்கால ஐரோப்பியரிடையே வழக்கமாகிவிட்டிருந்தது. அதே எழுத்துகளில், துணியில் படிந்த நெய்யின் மணமும் புகையின் கறையும் அருவருப்போடு சுட்டப்படுவதையும் காணலாம். கம்பீரம் என்ற புகழ்ச்சியும் அழுக்கு என்ற இகழ்ச்சியும் ஒரே துணியின் மீது சுமத்தப்பட்டன. இரண்டும் வெளியிலிருந்து நோக்கியவரின் அளவுகோல்களே.

தோடரின் அளவுகோல் வேறாக இருந்தது. அவர்கள் நெசவு செய்பவரல்லர். வெள்ளைப் பருத்தித் துணியைச் சமவெளியிலிருந்து பெற்று, அதன்மேல் சிவப்பு, கறுப்பு நூல்களால் பூவேலை செய்பவர்கள். தோடப் பெண்கள் துணியில் முன்கூட்டி உருவம் வரைந்துகொள்வதில்லை. இழைகளைக் கண்ணால் எண்ணியே ஊசியைச் செலுத்துகின்றனர். நூல் புடைத்து நிற்கும் பக்கமே அவர்களுக்கு வெளிப்பக்கம். மழமழப்பான பக்கத்தையே மேன்மையாகக் கருதும் பிறரது வழக்கத்துக்கு இது நேர் எதிரானது. எது மெருகு என்பதைப் பண்பாடே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இப்பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

அன்றாடத்துக்கு ஓர் உடை, சிறப்பு நாளுக்கு முற்றிலும் வேறோர் உடை என்னும் பகுப்பு இங்கு வலுவாக இல்லை. போர்வை அதேதான், அதன் புதுமை, பூவேலையின் செறிவு, போர்த்தும் முறை ஆகியவையே மாறுகின்றன. பால்மனையை அணுகும்போதும் மதிப்புக்குரியவற்றின் முன்னும் ஆடவர் வலக்கையைப் போர்வைக்கு வெளியே எடுத்துவிடும் வழக்கத்தை ரிவர்ஸ் பதிவு செய்துள்ளார். உடையை மாற்றாமல், உடுத்தும் முறையை மாற்றியே மரியாதை புலப்படுத்தப்பட்டது. இறந்தோரின் உடலும் பூவேலை செய்த போர்வையிலேயே சுற்றப்படுகிறது. பெண்கள் வெண்ணெய் தடவித் தம் கூந்தலைச் சுருள்சுருளாகத் திரித்துத் தொங்கவிட்டதும் இத்தகைய ஒப்பனையே. வெளியார் ‘நெய் மணம்’ எனக் குறை கூறியது, அவர்களைப் பொறுத்தவரை கூந்தல் பேணப்பட்டது என்பதற்கான அடையாளம்.

படகரிடம் வெண்மையே செம்மையின் குறியாகும். பெண்கள் உடுத்தும் வெள்ளை முண்டும் துண்டும், தலையில் கட்டும் வெள்ளைத் துணியும், ஆடவரின் வெள்ளைத் தலைப்பாகையும், ஓரத்தில் வண்ணக் கோடிட்ட போர்வையும் இன்றும் வழக்கிலுள்ளன. கோத்தகிரி அருகிலுள்ள பேரகணியில் குளிர்காலத்தில் நிகழும் ஹெத்தையம்மன் திருவிழாவில் ஊர் முழுவதும் வெண்மையாகக் காட்சியளிக்கிறது. வேளாண் குடியினர், செம்மண்ணில் பாடுபடுவோர், எளிதில் கறைபடியும் வெள்ளையைத் தம் அடையாள நிறமாகக் கொண்டிருப்பது கருதத்தக்கது. வெள்ளையை வெள்ளையாக வைத்திருப்பதற்கு நீரும் நேரமும் உழைப்பும் தேவை. அவ்வுழைப்பின் பெரும்பங்கு பெண்களுடையது. வெண்மையான துணி, அதை உடுத்தியவரின் தூய்மையை மட்டுமன்றி, வீட்டில் அதைத் துவைத்தவரின் கைத்திறனையும் காட்டியது.

20ஆம் நூற்றாண்டில் படக ஆடவர் வெள்ளை வேட்டி, தலைப்பாகை, போர்வை ஆகியவற்றோடு மேல்கோட்டையும் சேர்த்துக்கொண்டனர். இதனை மேலைநாட்டு உடைக்கு மாறியதாகக் கொள்வது பொருந்தாது. வேட்டியும் தலைப்பாகையும் அவ்வாறே இருக்க, குளிருக்குப் பொருத்தமான கோட்டு அவற்றோடு இணைந்தது. தமக்கு வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் இம்முறை, பின்னர் ஆராயப்படும் தோட்டத் தொழிலாளரின் உடையிலும் தொடர்வதைக் காணலாம்.

2. வேளைக்கோர் உடை

சல்லிவன் 1822இல் உதகையில் கல்வீட்டைக் கட்டத் தொடங்கினார். 1870 அளவில் உதகை சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரானது. வில்லியம் ரம்போல்டு கட்டிய மாளிகையில் 1840களின் தொடக்கத்தில் உருவான உதகை கிளப், மலைவாழ் ஐரோப்பிய சமூகத்தின் மையமாக விளங்கியது. காலை நடைக்கு ஒன்று, குதிரையேற்றத்துக்கு ஒன்று, தேநீர் விருந்துக்கு ஒன்று, இரவுணவுக்கு ஒன்று என வேளைக்கேற்ப உடை மாற்றும் விக்டோரிய ஒழுங்கு இம்மலையில் நிலைபெற்றது. சமவெளியின் வெப்பத்தில் துன்பம் தந்த கம்பளிக் கோட்டுகள், உதகையின் குளிரில் இயல்பாகப் பொருந்தின. தாயகத்தை மலைமேல் மீட்டுருவாக்கும் முயற்சிக்கு உடையும் துணைநின்றது.

இவ்வொழுங்கில் சாதாரண உடை என்பதற்கும் விதி உண்டு. இராணுவத்தினர் சீருடை அணியாத வேளையில் உடுத்தும் உடையைக் குறித்த ‘மஃப்டி’ என்னும் சொல், காவலரின் சாதாரண உடையைக் குறிக்கும் சொல்லாக இன்று தமிழில் வழங்குகிறது. படைத்துறை வழக்கில் மஃப்டியும் நெகிழ்ச்சியான உடையன்று. எந்த வேளைக்கு எந்தக் கோட்டு, கழுத்துப்பட்டை வேண்டுமா, காலணி எத்தகையது என்பன வரையறுக்கப்பட்டவை. வெலிங்டன் படைமுகாமும், 1947 முதல் அங்கே இயங்கும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியும் இவ்வழக்கத்தை விடுதலைக்குப் பின்னும் குன்னூர்ப் பகுதியில் அறிமுகமான ஒன்றாக வைத்திருந்தன.

முயற்சியின்றி அமைந்ததுபோல் தோன்றும் இச்செம்மைக்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருந்தது. துவைத்து இஸ்திரி போட்ட வண்ணாரும், அளவெடுத்துத் தைத்த தையற்காரரும், காலணியைத் துடைத்து வைத்த பட்லரும், உடுத்த உதவிய ஆயாவும் இல்லாமல் வேளைக்கோர் உடை இயலாது. தோடரின் போர்வையில் அழுக்கைக் கண்டு எழுதியவர், தம் சட்டையின் வெண்மை யாருடைய கைகளால் வந்தது என்பதை எழுதவில்லை. ஆவணங்களின் இந்த மௌனம், உடை வரலாற்றை எழுதுவோர் முதலில் கருத்தில் கொள்ளவேண்டிய ஒன்றாகும்.

ஒளிப்படங்களையும் இவ்வாறே எச்சரிக்கையோடு அணுகவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உதகையில் ஒளிப்படக் கூடம் நடத்திய ஏ. டி. டபிள்யூ. பென் உள்ளிட்டோர் எடுத்த படங்களில் மலைமக்கள் நிறுத்திவைக்கப்பட்ட தோற்றத்தில் உள்ளனர். அப்படங்களில் காண்பது படம் எடுப்பதற்காக ஒழுங்குசெய்யப்பட்ட உடை. வயலிலும் மந்தையிலும் அவ்வுடை எவ்வாறு முடிந்து, தூக்கிச் செருகி அணியப்பட்டது என்பதற்கு அவை முழுச் சான்றாகா.

3. சமவெளியின் தடைகளும் மலையின் வாய்ப்புகளும்

ஐரோப்பியர் வீடுகளிலும் தோட்டங்களிலும் பணியாற்றச் சமவெளியிலிருந்து வந்தவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினர் கணிசமானோர். அவர்கள் விட்டுவந்த சமவெளிச் சமூகத்தில் உடுத்தும் முறையே அடிமைத்தனத்தின் குறியாக இருந்தது. தோள்துண்டு தோளில் கிடக்கலாமா, கக்கத்தில் இடுக்கப்படவேண்டுமா, இடுப்பில் கட்டப்படவேண்டுமா என்பதை எதிரில் வருபவரின் சாதியே முடிவு செய்தது. தோடரின் வலக்கை வழக்கத்தைப்போல இதுவும் துணியை மாற்றாமல் முறையை மாற்றுவதுதான். ஆனால் முன்னது ஒரு சமூகம் தன் புனிதத்துக்குத் தானே செலுத்தும் மரியாதை. பின்னது ஒரு சாரார் மீது மற்றொரு சாரார் சுமத்திய பணிவு. உடுத்தும் முறையின் பொருளை அதிகார உறவிலிருந்து பிரித்து அறிய இயலாது.

இதன் கொடிய வடிவத்தை இராமநாதபுரம் பகுதியில் 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர் மீது விதிக்கப்பட்ட எட்டுத் தடைகளில் காணலாம். அவற்றை ஜே. எச். ஹட்டன் தம் நூலில் பதிவு செய்துள்ளார். ஆடவர் முழங்காலுக்குக் கீழ் உடுத்தக்கூடாது, சட்டையோ பனியனோ அணியக்கூடாது, தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளக்கூடாது, பெண்கள் இரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடலை மறைக்கக்கூடாது, பொன் வெள்ளி நகை பூணக்கூடாது என்பன அத்தடைகளுள் சில. இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் அது ஆடம்பரத்துக்கு எதிரானதன்று என்பது விளங்கும். சட்டை, இரவிக்கை, சீரான தலைமுடி ஆகிய மிகச் சாதாரணமான செம்மையே அங்குத் தடைசெய்யப்பட்டது.

இப்பின்னணியில் நீலகிரியின் இடம் தனித்தது. அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) பாட்டனார் கந்தப்பன், நீலகிரியில் ஹாரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராகப் பணியாற்றியவர். பண்டிதரின் பொதுவாழ்வு இம்மலையிலேயே தொடங்கியது. 1891 டிசம்பர் முதல் நாள் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை அவர் உதகையில் கூட்டினார். பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு கலந்துகொண்ட இரட்டைமலை சீனிவாசன் தம் இளமையில் நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றியவர். மலையில் சாதி இல்லை என்று இதற்குப் பொருள்கொள்ளலாகாது. தோட்டங்களிலும் கங்காணி முறையிலும் சாதி தொடர்ந்தது. ஆயினும் குளிர் என்னும் மறுக்கவியலாத காரணமும், பணியிடத்தின் தேவையும், ஊர்க் கட்டுப்பாட்டிலிருந்து கிடைத்த தொலைவும் சட்டையையும் கம்பளியையும் இங்கு இயல்பான உடையாக்கின. சமவெளியில் மேலுடலை மறைப்பது போராடிப் பெறவேண்டிய உரிமையாக இருந்த காலத்தில், மலையில் அது உயிர்வாழ்வுக்கான தேவையாக இருந்தது.

4. தேயிலைத் தோட்டத்து அடுக்குடை

நீலகிரியில் தேயிலைச் சோதனைப் பயிர் 1830களில் கேத்தியில் தொடங்கியது. 1860களுக்குப் பின் வணிகத் தோட்டங்கள் பெருகின. தோட்ட உரிமையாளரின் அமைப்பான உபாசி 1893இல் உருவாகி, குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழி இந்தியா ஏற்றுக்கொண்ட 5,25,000 பேருள் ஒரு பகுதியினர் நீலகிரியில் குடியமர்ந்தனர். அவர்களுக்கு வேலை வழங்க 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் திட்டமே பின்னர் டான்டீ என்னும் கழகமாயிற்று. இலங்கை மலையகத்தில் பழகிய தோட்ட உடை மரபும் இவர்களோடு கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளுக்கு வந்து, இங்கிருந்த மரபோடு கலந்தது.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் உடையில் ஒவ்வோர் அடுக்குக்கும் காரணமுண்டு. சேலை கணுக்காலுக்கு மேல் உயர்த்திக் கட்டப்படுகிறது. அதன்மேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை. செடியின் கிளைகள் கையைக் கீறாமல் காப்பது அது. இடுப்பில் சாக்கு அல்லது நெகிழித் தாள். காலைப் பனியில் நனைந்த செடிகள் சேலையை ஈரமாக்காமல் தடுப்பது அது. தலையில் துணி, கூடையின் கயிறு நெற்றியில் பதியாமல் காப்பதும் மழையையும் வெயிலையும் தாங்குவதும் அதன் வேலை. மழை வலுத்தால் சாக்கை மடித்துத் தலைமுதல் முதுகுவரை போர்த்தும் கொங்காணி. இவற்றோடு கம்பளி. வெளியார்க்குப் பொருந்தா உடைகளின் குவியலாகத் தோன்றும் இது, உண்மையில் நன்கு எண்ணி அமைத்த வேலையுடை.

இவ்வுடையின் ஒரு பகுதி சட்டத்திலும் இடம்பெற்றது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளிகள் வழங்கவேண்டும் என விதி வகுக்க மாநில அரசுகளுக்கு அதிகாரமளித்தது. உடையைத் தொழிலாளரின் உரிமையாக இப்பிரிவு ஏற்றது. எனினும் அது உடலின் பாதுகாப்போடு நின்றது. உடையைத் துவைத்து உலர்த்திப் பேணுவதற்கான இடமும் நேரமும் ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்னும் அறத்துக்கு இன்றியமையாதவை. நெருக்கமான லயன் வீடுகளில், தென்மேற்குப் பருவமழை நாள்கணக்கில் பெய்யும் கூடலூர்ப் பகுதியில், ஈரத்துணியை அடுப்பின் அருகே உலர்த்துவதன்றி வேறு வழியில்லை. அத்துணியில் புகைமணம் ஏறுவதும் தவிர்க்கவியலாதது. இதனை உடுத்தியவரின் கவனக்குறைவாகக் கருதுவோர், உண்மையில் குடியிருப்பின் குறையையே மதிப்பிடுகின்றனர்.

வேலை முடிந்தபின் நிகழும் மாற்றமும் வரலாற்றில் இடம்பெறவேண்டியது. சாக்கும் சட்டையும் தலைத்துணியும் களையப்படுகின்றன. முகம் கழுவி, தலை வாரி, பூச்சூடி, கடைவீதிக்கான சேலை உடுத்தப்படுகிறது. அதன்மேல் சுவெட்டர் வருகிறது. குன்னூர், கோத்தகிரிக் கடைவீதிகளில் வார விடுமுறை நாளில் காணும் இத்தோற்றம், நீலகிரித் தமிழ்ப் பெண்களின் பொது உடையாகவே ஆகிவிட்டது. உதகையில் திபெத்திய அகதிகள் நடத்தும் கம்பளியாடைக் கடைகள் எளிய விலையில் இதற்கு உதவின. சேலையின் நிறத்துக்கு இயையச் சுவெட்டரைத் தேர்வதும், முந்தானையை அதன் உள்ளே விடுவதா வெளியே எடுப்பதா என்பதும், பொத்தான்களுள் எவற்றைப் பூட்டுவது என்பதும் இங்கு உருவான அழகியல் நுட்பங்கள். தோடரைப்போல முறையாலும், ஐரோப்பியரைப்போல மாற்றத்தாலும் அமையும் செம்மை இது. ஆனால் இதைப் பேணுவதற்கு உடுத்துபவரைத் தவிர வேறு பணியாள் இல்லை.

5. 2014ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் எல்லையும்

மகாத்மா காந்தி 1921 செப்டம்பரில் மதுரையில் அரைவேட்டிக்கு மாறியபின், எளிய உடையே பொதுவாழ்வில் மதிப்புக்குரியதாயிற்று. ஆயினும் குடியேற்றக் காலக் கிளப்புகளின் உடை விதிகள் விடுதலைக்குப் பின்னும் நீடித்தன. 2014 ஜூலை 11 அன்று, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன் வேட்டி அணிந்திருந்தார் என்பதற்காகச் சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கக் கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்குள் அனுமதிக்கப்படவில்லை. இது பெரும் விவாதத்தை எழுப்பியது. அடுத்த மாதமே சட்டமன்றம் பொது இடங்களில் உடைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டியோ இந்தியரின் பிற மரபுடையோ அணிந்தவரைத் தடுப்பது குற்றமாயிற்று. ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும், உரிம நீக்கமும் தண்டனைகளாக வகுக்கப்பட்டன.

மாநிலம் முழுவதற்குமான இச்சட்டத்தின்படி, படகரின் வெள்ளை உடையும் தோடரின் பூத்துக்குளியும் மரபுடை என்னும் தகுதியால் பாதுகாப்புப் பெறுகின்றன. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அழுக்கு என்று எழுதப்பட்ட போர்வை, சட்டத்தின் கண்ணில் எந்தக் கோட்டுக்கும் இணையாயிற்று. இது சிறிய மாற்றமன்று. ஆனால் சட்டத்தின் அடிப்படைச் சொல் ‘மரபு’ என்பதாகும். சேலையின்மேல் சட்டையும் இடுப்பில் சாக்கும் கொண்ட தோட்டத்து உடை எந்தச் சமூகத்தின் மரபுடைப் பட்டியலிலும் இல்லை. ரப்பர்ச் செருப்போடும் பழைய சுவெட்டரோடும் வரும் தொழிலாளியை ஒரு வாயிற்காவலர் தயங்கி நோக்கினால், அத்தயக்கத்துக்கு எதிராக இச்சட்டத்தில் பற்றிக்கொள்ள ஏதுமில்லை. அன்று தடுக்கப்பட்டவர் நீதிபதி. அவருடைய வேட்டி சலவை செய்யப்பட்டது. பண்பாட்டின் பெயரால் எழுந்த குரல் வர்க்கத்தின் வாயிலைத் தட்டவில்லை.

முடிவுரை

நீலகிரியில் செம்மையான தோற்றத்துக்கு மூன்று வழிகள் இருந்தன. ஒரே துணியைச் சூழலுக்கேற்ப உடுத்துவது முதலாவது. வேளைக்கேற்ப உடையையே மாற்றுவது இரண்டாவது. கிடைத்தவற்றை அடுக்கி அணிந்து, உழைப்பு முடிந்ததும் களைந்து மாறுவது மூன்றாவது. முதலாவது இனவரைவியலில் பதிவாயிற்று. இரண்டாவது ஆட்சியாளரின் நினைவுக் குறிப்புகளில் பதிவாயிற்று. மூன்றாவதற்குத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் ஒரு பிரிவைத் தவிரப் பெரிதாக ஆவணமில்லை. மரபுடைகள் அருங்காட்சியகத்திலும் புவிசார் குறியீட்டுப் பதிவேட்டிலும் இடம்பெற்றுவிட்ட நிலையில், கொங்காணியும் முழுக்கைச் சட்டையும் நெகிழித் தாளும் பயன்பட்டுக் கிழிந்து மறைகின்றன. அவற்றை உடுத்திய தலைமுறையினரிடம் வாய்மொழி வரலாறு திரட்டுவதும், தோட்டக் குடும்பங்களின் ஒளிப்படங்களைத் தொகுப்பதும் தமிழ் ஆய்வுலகம் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணிகளாகும். கந்தையைக் கசக்கிக் கட்டியவர் யார், எந்த நீரில், எந்த நேரத்தில் கசக்கினார் என்பதையும் சேர்த்து எழுதும்போதுதான் உடையின் வரலாறு முழுமை பெறும்.